மைவி விலையில் மெர்சிடிஸ் வாங்கலாமா?

"அண்ணே, புது மைவி விலைக்கே பழைய எஸ்-கிளாஸ் கிடைக்குதே, எடுத்துடவா?" நம் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

முதலில் சாலை வரியைக் கணக்குப் போடச் சொல்வேன். தீபகற்ப மலேசியாவில் 1.5 லிட்டர் மைவிக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 2,996 சிசி எஸ்-கிளாஸுக்கு 2,120 ரிங்கிட். காருக்கு வயதானாலும் வரி குறையாது.

வரியாவது முன்கூட்டியே தெரியும். பழுது அப்படி இல்லை, தம்பி. 2005 முதல் 2013 வரை வந்த எஸ்-கிளாஸ் பெரும்பாலும் சுருள்வில்லில் நிற்பதில்லை, காற்றுப் பைகளில் நிற்கிறது. அந்த ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டால் காற்று மெல்லக் கசியும். அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் போய்விடும். காரின் விலைதான் இறங்கியிருக்கு. உதிரிபாகம் இன்னும் சொகுசுக் கார் விலைதான்!

விற்பவர் "கண்டிஷன் டாப்" என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு, இரவு முழுக்கச் சமதரையில் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கே கசிவு இருக்கலாம். அவர் முன்னாடியே இன்ஜினை ஓட்டி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

தவணை கட்டிய அதே மாதம் கம்ப்ரசர் போனால் கையில் காசு இருக்கா? வங்கி அதற்காகக் காத்திருக்காது. இல்லையென்றால், சுருள்வில் உள்ள, 2,000 சிசிக்குள் வரும் சி-கிளாஸைப் பாருங்கள். அதற்குச் சாலை வரி 380 ரிங்கிட்டைத் தாண்டாது.