இறக்கத்தில் கியர்தான் காவல்

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சாமான் லொறி ஓட்டப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு பாடம் சொல்ல விரும்புகிறோம்.

நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்குப் பாரத்தோடு இறங்கும்போது, "டீசல் மிச்சம்" என்று நியூட்ரலில் விடக்கூடாது. முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டி வரும். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்குவது பழைய சாரதிமாரின் கணக்கு. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கருகல் வாசம் வந்தால் உடனே ஓரங்கட்டி, சில்லுக்குக் கல் வைத்து, பிரேக்கை ஆறவிடுங்கள்.

சாமான் பிந்தினால் முதலாளி ஏசுவார், ஏசட்டும். பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.