பங்கு விற்ற லாபம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்று வரும் லாபத்துக்கான வரி 2024 ஜூலை 23 முதல் மாறியது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 20 சதவீதம். இந்த இரண்டு எண்களும் முதலீட்டாளர்கள் பலருக்கு மனப்பாடம். கணக்கு தப்புவது வேறு இடங்களில்.

நம்பிக்கை: பணத்தை வங்கிக்கு எடுத்தால்தான் வரி. விற்ற கையோடு வேறு பங்கு வாங்கிவிட்டால் வரி இல்லை.

உண்மை: விற்றாலே வரிக் கணக்கு தொடங்கிவிடும், பணம் எங்கே போனது என்பது பொருட்டல்ல. அதேபோல, பங்கு விலை பத்து மடங்கு ஏறியிருந்தாலும் விற்காதவரை வரி கிடையாது.

நம்பிக்கை: 1.25 லட்சம் ரூபாய் வரை எந்த லாபத்துக்கும் வரி இல்லை.

உண்மை: அந்தச் சலுகை நீண்டகால லாபத்துக்கு மட்டும். ஓராண்டில் 1.60 லட்சம் நீண்டகால லாபம் வந்தால் 35,000-க்கு 12.5 சதவீதம், அதாவது 4,375 ரூபாய். அதன்மேல் 4 சதவீத செஸ். குறுகியகால லாபத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

எது நீண்டகாலம் என்பதிலும் சிக்கல் வரும். 2024 ஜூனில் 50 பங்கு, 2025 மார்ச்சில் அதே பங்கு இன்னும் 50 வாங்கினீர்கள். 2025 ஆகஸ்டில் 70 விற்றீர்கள். ஒரே டீமேட் கணக்கில் இருந்தால், முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு. எனவே 50 நீண்டகாலம், 20 குறுகியகாலம்.

நம்பிக்கை: புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லையே; பங்கு லாபமும் அதற்குள் அடங்கிவிடும்.

உண்மை: அடங்காது. அந்தத் தள்ளுபடி, பங்கு லாபத்துக்கான சிறப்பு விகித வரியைத் தொடாது. 2025-26 நிதியாண்டில் மற்ற வருமானம் 7 லட்சம், குறுகியகால லாபம் 1 லட்சம் என்றால், 7 லட்சத்துக்கு வரி இல்லை. லாபத்துக்குச் செஸ்ஸோடு 20,800 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் வட்டி வருமானம் 3 லட்சம் மட்டுமே உள்ள ஒருவருக்கு 80,000 ரூபாய் லாபம் வந்தால், மொத்தமும் 4 லட்சம் அடிப்படை வரம்புக்குள் நிற்கிறது. இந்தியாவில் வசிப்பவர் என்றால் வரி இல்லை.

நம்பிக்கை: புரோக்கர் எஸ்.டி.டி. பிடித்துவிட்டார், வரி முடிந்தது.

உண்மை: எஸ்.டி.டி. பரிவர்த்தனைக்கான வரி. நஷ்டத்தில் விற்றாலும் பிடிப்பார்கள். லாப வரி தனி. அதை நீங்கள்தான் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். விற்பனை விவரம் வருமான வரித் துறையின் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

நம்பிக்கை: பழைய பங்கை விற்றால், வாங்கிய நாள் முதல் ஏறிய மொத்த லாபத்துக்கும் வரி.

உண்மை: 2018 மார்ச் வரை சந்தையில் விற்ற நீண்டகால லாபத்துக்கு வரிவிலக்கு இருந்தது. அதை நீக்கியபோது, 2018 ஜனவரி 31 வரை ஏறிய விலைக்குப் பாதுகாப்பு தந்தார்கள். 2005-ல் 40 ரூபாய்க்கு வாங்கிய பங்கு, அந்த ஜனவரி 31-ல் சந்தையில் அதிகபட்சம் 300 தொட்டது என்று வையுங்கள். இன்று 500-க்கு விற்றால் லாபம் 200 மட்டுமே, 460 அல்ல. 250-க்கு விற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நம்பிக்கை: நஷ்டம்தானே, ரிட்டனில் காட்ட என்ன இருக்கிறது?

உண்மை: குறுகியகால நஷ்டத்தை இரண்டு வகை மூலதன லாபத்திலும் கழிக்கலாம், நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும். சம்பளத்தில் கழிக்க முடியாது. மீதியை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம், கெடு தேதிக்குள் ரிட்டன் போட்டிருந்தால். இந்த ஆண்டு 60,000 ரூபாய் குறுகியகால நஷ்டத்தைப் பதிந்துவைத்தவர், அடுத்த ஆண்டு அதே அளவு குறுகியகால லாபம் பார்த்தால் 12,000 ரூபாய் வரியும் செஸ்ஸும் மிச்சம். பதியாதவர் முழு வரியையும் கட்டுவார்.