எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால்?

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் சிலர் இணையத்தளம் மூலமும் ஓடர் எடுக்க விரும்புகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். சாதாரண நாளில் நன்றாக இயங்கும் தளம், சனம் கூடும் நாளில் மட்டும் ஏன் படுத்துவிடுகிறது? இதற்கு வியாபாரிகளுக்குப் புரியும் பாஷையிலேயே பதில் சொல்லலாம்.

கவுண்டர் கணக்கு

வெப் சேர்வர் என்பது இரவு பகலாக விழித்திருக்கும் ஒரு கணனி. வாடிக்கையாளர் உங்கள் தளத்தைத் திறந்ததும் அதற்கு ஒரு கோரிக்கை போகிறது. அது விலையையும் இருப்பையும் தரவுத்தளத்தில் பார்த்து, பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிறது.

ஒரு சேர்வர் ஒரே சமயத்தில் 50 கோரிக்கைகளைக் கவனிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 0.2 செக்கன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு 250 பேருக்குச் சேவை கிடைக்கும். தரவுத்தளம் சுணங்கி அதே வேலைக்கு 2 செக்கன் பிடித்தால் 25 பேருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ஒவ்வோர் அழுத்தமும் ஒரு புதிய கோரிக்கை என்பதால் வரிசை இன்னும் நீளும். கடைசியில் சேர்வர் கையை விரித்துவிடும். திரையில் வரும் 503 என்ற இலக்கத்தின் பொருள் இதுதான்.

பெற்றோல் வரிசை தந்த பாடம்

2022 ஜூலையில் எரிபொருளுக்கான கியூ.ஆர். முறை வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வாகன இலக்கம், செசி இலக்கம், அடையாள அட்டை, தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கம் என ஒவ்வொரு பதிவுக்கும் பல சரிபார்ப்புகள். நாடு முழுவதும் ஒரே தளத்தைத் தட்டியது. டீசல் இல்லாவிட்டால் லொறி நிற்கும், லொறி நின்றால் நம் கடையும் வெறுமையாகும்.

அந்த ஏற்பாட்டில் வியாபாரி கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒருமுறை பெற்ற குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டுக்கொள்ள முடிந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் சாரதி தளத்துக்குப் போகத் தேவையில்லை. இரண்டாவது, இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைக் கொண்டு நாட்கள் பிரிக்கப்பட்டன. 0, 1, 2 இல் முடிபவை செவ்வாயும் சனியும் என்றவாறு கூட்டம் பங்கிடப்பட்டது. மூன்றாவது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றால், ஒரு செட்டில் அடித்தது மற்ற செட்டுக்கும் உடனே தெரிய வேண்டும். இந்தக் கணக்குக்கு நூறு பிரதி இருக்க முடியாது, பேரேடு ஒன்றுதான்.

இந்திய ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தளமும் இதே வழியில் போனது. 2014 இல் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறனை 7,200 ஆக உயர்த்தினார்கள். அதோடு விடாமல் 2015 இல் தட்கல் முன்பதிவு நேரத்தையும் இரண்டாகப் பிரித்து, குளிரூட்டிய வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவைக்கு 11 மணி என்றாக்கினார்கள். பெரிய இயந்திரம் வாங்கியவர்களே கூட்டத்தையும் பங்கிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

படங்களைச் சிறிதாக்குங்கள். விலைப்பட்டியல் போல அடிக்கடி மாறாத பக்கங்களை, கட்டி வைத்த சீனிப் பொதி போல, தயார்ப் பிரதியாக வைக்கச் சொல்லுங்கள். சேர்வர் ஒன்றுக்கு மேல் இருந்தால் வருபவர்களை அவற்றுக்கிடையே பிரித்து அனுப்பும் லோட் பலன்ஸர் தேவை. பெருநாள் தள்ளுபடியை எல்லாப் பொருளுக்கும் ஒரே இரவில் திறக்காமல், துணிக்கு ஒரு நாள், பாத்திரத்துக்கு ஒரு நாள் என்று திறக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

இருப்பும் பணமும் மட்டும் ஒரே பேரேட்டில் இருக்கட்டும். ஒவ்வோர் ஓடருக்கும் தனி இலக்கம் கொடுங்கள். அப்போதுதான் அவசரத்தில் இருமுறை அழுத்தியவரிடம் இருமுறை காசு எடுபடாது.

தளம் தாங்காத நாளில் "சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்று சொல்லிவிடுவதில் வெட்கமில்லை. கையில் இல்லாத சாமானுக்குக் காசை வாங்கி வைப்பதுதான் தவறு. வாடிக்கையாளரின் பணம் நம்மிடம் அமானிதம். கடையில் இருக்கும் அந்தப் பேணுதல் கணனியிலும் இருந்தால், இன்ஷா அல்லாஹ், வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும்.