விளையாட்டில் விளைந்த நூற்பகுப்பு

தொழிலில் ஈடுபாடு தோன்றிவிட்டால், காணும் பொருள் ஒவ்வொன்றும் ஆசானாகும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குபவர், சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த அரங்கநாதனார்.

கணித ஆசிரியராகப் பணிபுரிந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மாணவர் சூழ வாழ்ந்தவருக்கு நூலகத்தின் தனிமை கசந்தது. வகுப்பறைக்கே திரும்ப விழைந்தார். ஆயினும், பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, அந்நாட்டு மக்கள் நூலகங்களால் பெறும் பயனைக் கண்டு மனம் மாறினார்.

அங்கே ஒரு பேரங்காடியில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். துளையிட்ட தகடுகள், திருகுகள், சக்கரங்கள் ஆகிய சில உறுப்புக்களையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பல பொறிகளை அமைத்துக் காட்டினர். நூற்பொருள்களையும் இவ்வாறு கூறுகளாக்கி இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக் கடற்கரையில் மீன் சமைக்கும் முறைபற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். மீன், சமையல், ஏர்வாடி என அதற்கு மூன்று கூறுகள் உண்டு. ஒவ்வொன்றிற்கும் குறியீடு தந்து இணைத்தால், அந்நூல் அமரவேண்டிய இடம் விளங்கிவிடும். இணைப்பதற்கு முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியமையால், இம்முறை ‘கோலன் பகுப்பு’ எனப் பெயர் பெற்று, 1933-இல் வெளிவந்தது.

நூல்கள் பயன்படுவதற்கே என்பது, அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது. அவரது இடைவிடா முயற்சியால், 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டுவரியோடு பெறப்படும் சிறு நூலக வரி, சிற்றூர் நூலகங்களையும் வாழ்விக்கிறது. கேட்ட நூலைக் காலந்தாழ்த்தாது எடுத்து முகமலர்ச்சியுடன் நீட்டும் ஒவ்வொரு நூலகரிடத்தும் அரங்கநாதனாரின் ஆர்வம் இன்றும் வாழ்கிறது.