பேட்டரிக்கும் வயிறு உண்டு

அன்பு மதிக்கு,

மண் காய்ந்தால் விளக்கு எரிந்து சொல்லும் உன் கருவி, கம்ப்யூட்டரில் செருகியிருந்தவரை ஒழுங்காக ஓடியதாம். 9 வோல்ட் பேட்டரியில் மாட்டிய இரவே விடிவதற்குள் அணைந்துவிட்டதாம். புரோகிராமைத் திருத்த உட்காராதே. தப்பு அதில் இல்லை.

அந்தச் சின்ன 9 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு குட்டி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், சேர்ந்து 9. வயிறு மட்டும் சின்னது: அல்கலைன் வகையிலேயே சுமார் 500 மில்லிஆம்பியர்-மணிதான். உன் கருவியை ஓட்டும் ஆர்டுவினோ ஊனோ போர்டு சும்மா இருந்தாலே ஏறக்குறைய 50 மில்லிஆம்பியர் குடிக்கும். வகுத்துப் பார்: பத்து மணி நேரம். அதுவும் முழுசாகக் கிடைக்காது; 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டு தள்ளாடத் தொடங்கும்.

இன்னொரு சேதாரமும் உண்டு. போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட். மிச்ச 4 வோல்ட்டை போர்டிலுள்ள ரெகுலேட்டர் சூடாக்கியே தீர்க்கிறது. ஒன்பது ரூபாய் கொடுத்து ஐந்து ரூபாய்ச் சரக்கு வாங்குகிற கதை.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்தப் பென்சில் பேட்டரி ஆறை வரிசையாகக் கோத்துப் பார். அதே 9 வோல்ட். ஆனால் அல்கலைன் வகையாக இருந்தால் 2000 மில்லிஆம்பியர்-மணிக்குக் குறையாது. நாலு மடங்கு நேரம் ஓடும். ஆறுக்குப் பதில் நாலு புதுச் செல்லை நேரே 5 வோல்ட் முனையில் மட்டும் கொடுத்துவிடாதே. 6 வோல்ட்டைத் தாண்டும், போர்டின் சிப்புக்கு 5.5 தான் எல்லை.

பெரிய மிச்சம் தூக்கத்தில் இருக்கிறது. மண் நொடிக்கு நொடி காயாது. மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். உன் சிப் ஒரே மூச்சில் சுமார் 8 நொடி தூங்கும். 450 தூக்கம் ஒரு மணி நேரம். அப்போது அது குடிப்பது சில மைக்ரோஆம்பியர்தான். ஆனால் ஊனோவின் பச்சை விளக்கும் ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் தூங்காது. அதனால் அடுத்த கட்டமாக, சிப்பை மட்டும் தனியே பிரெட்போர்டில் ஓட்டக் கற்றுக்கொள்.

மண்ணில் குத்திய சென்சாருக்கும் அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் கொடு. ஓயாமல் கொடுத்தால் பேட்டரி தீர்வதோடு சென்சாரின் கம்பியும் அரித்துப் போகும்.

மல்டிமீட்டரைப் பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் தொடராக இணைத்து மின்னோட்டத்தை அள. பேட்டரியின் இரு முனையிலும் நேரே வைத்தால் ஃபியூஸ் போய்விடும், ஜாக்கிரதை. வந்த எண்ணை அடுத்த கடிதத்தில் எழுது. எந்தப் பேட்டரி வாங்கலாம் என்று அதை வைத்து நீயே சொல்லிவிடுவாய்.

அன்புடன்,
மாமா