உளவியல் வகுப்புக்கு ஒரு நாள் ரிலீஃப்

காலை ஏழு மணிக்கு வாட்ஸ்ஆப் வரும்: உளவியல் ஆசிரியருக்குக் காய்ச்சல், இன்று மட்டும் வகுப்பெடுக்க முடியுமா? நீங்கள் வரலாறு படித்தவரானாலும் ஒத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். மலேசிய அரசு இடைநிலைப்பள்ளிகளில் உளவியல் தனிப்பாடமாக இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அனைத்துலகப் பள்ளிகளிலும் ஏ-லெவல் கல்லூரிகளிலும்தான் அதைப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் 9990 என்றால் முதலாண்டில் 12 ஆய்வுகள். எதுவரை வந்திருக்கிறார்கள் என்பது ஒரு மாணவியின் நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

ஆசிரியர் வேலை வைத்துவிட்டுப் போயிருந்தால் அதுதான் முதலில். இல்லையென்றால் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். அந்த 12 ஆய்வுகளில் ஒன்றை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஜேக்கி ஆன்ட்ரேட் 2010இல் வெளியிட்ட கிறுக்கல் ஆய்வுக்குத் தாளும் பென்சிலும் போதும். சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றை 40 பேர் கேட்டார்கள். பாதிப் பேர் கேட்டபடியே தாளில் இருந்த வட்டங்களையும் சதுரங்களையும் பென்சிலால் நிரப்பினார்கள். பிறகு எதிர்பாராமல் வைத்த ஞாபகச் சோதனையில் அவர்களுக்கு 29 விழுக்காடு அதிகம் நினைவிருந்தது.

செய்தியை ஓய்வு வேளையில் நீங்களே எழுதுங்கள். இரண்டரை நிமிடம் போதும். அத்தை வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்கு எட்டுப் பேர் வருகிறார்கள், மூன்று பேர் வரவில்லை. இடையிடையே எட்டு ஊர்கள்: கிள்ளான், காப்பார், பந்திங், காஜாங், செமினி, ரவாங், பூச்சோங், சுங்கை பூலோ. ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசியுங்கள். இதில் குரல்தான் முக்கியம், உற்சாகம் வந்தால் ஆய்வு கெட்டுவிடும். விருந்துக்கு வருபவர்களின் பெயரை மட்டும் எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள்; பாதிப் பேர் கூடவே வட்டங்களையும் சதுரங்களையும் நிரப்பட்டும். முடிந்ததும் தாள்களை வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் பேசுங்கள். பிறகு பெயர்களோடு ஊர்களையும் நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் பெயரில் தொடங்கட்டும், பாதிப் பேர் ஊரில். சோதனையைச் சொல்லாமல் வைத்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். ஆன்ட்ரேடும் அப்படித்தான் செய்தார்.

கரும்பலகையில் நிரப்பியவர்கள், நிரப்பாதவர்கள் என இரு குழுவின் சராசரியையும் எழுதியதும் உண்மையான பாடம் தொடங்குகிறது. முடிவு ஆன்ட்ரேடுக்கு நேர்மாறாக வந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று கேளுங்கள். காப்பாரில் பாட்டி வீடு உள்ளவனுக்கு அந்த ஊர் மறக்குமா? இருபது பேர் போதுமா? இந்த ஆய்வை ஏற்கெனவே படித்த வகுப்பில் அந்தச் சோதனை பலிக்காது. அங்கே பிள்ளைகளையே செய்தி எழுத வைத்து, வேறொரு வகுப்பில் நடத்தத் திட்டமிடச் சொல்லுங்கள்.

நேரம் மிஞ்சினால் பிலியாவின் குழுவின் 1969 ஆய்வைப் பேசலாம். நியூயார்க் சுரங்க ரயிலில் கைத்தடியோடு விழுந்தவருக்கு 65 முறையில் 62 முறை யாரோ தானாக உதவினார்கள். குடித்தவர் போல விழுந்தவருக்கு 38இல் 19 முறைதான். கேஎல் செண்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கொமுட்டரில் இது எப்படி இருக்கும் என்று கேட்டால் வகுப்பே பேசும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். யாரையும் அழுத்தத்துக்கோ அவமானத்துக்கோ ஆளாக்கும் ஆய்வை வகுப்பில் நடத்தாதீர்கள். கீழ்ப்படிதல் பற்றிய மில்கிராமின் 1963 ஆய்வு பேசுவதற்கு மட்டும். "டீச்சர், எனக்கு டிப்ரெஷனா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், பெயர் சூட்ட உங்களுக்கு உரிமை இல்லை. வகுப்பு முடிந்ததும் தனியாக நிறுத்தி, சொல்வதைக் கேளுங்கள். அன்றே பள்ளிக் கவுன்சிலரிடம் கூடவே நடந்து போங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

கிளம்புமுன் தாள்களைக் கட்டி, எந்த ஆய்வு, என்ன முடிவு, யார் வரவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆசிரியரின் மேசையில் வையுங்கள்.