கடன் வாங்கிய பி.டி. பீரியட்



பத்தாவது படிக்கும்போது உங்க டைம்டேபிளில் பி.டி. பீரியட் இருந்திருக்கும். உண்மையிலேயே கிரவுண்டுக்குப் போனீங்களா? எங்க பள்ளியில் "போர்ஷன் முடியல" என்று கணக்கு சார் அதைக் கடன் வாங்கிக்குவார். ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை!

மாகறல் பக்கம் இந்த விஷயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர் இது. காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டுத் தறிகளில், கோர்வை போடும்போது உதவிக்கு ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைப்பது ஒரு காலத்தில் சாதாரணம். நாள் முழுக்க ஒரே இடம். அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பியது பெரிய சாதனைதான். ஆனால் பள்ளியிலும் காலை முதல் மாலை வரை பெஞ்சிலேயே உட்கார வைத்தால் எப்படி?

கணக்கு போட்டுப் பார்ப்போம்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு, சராசரியாகத் தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரத்துக்கு 420 நிமிடம். வாரம் இரண்டு பி.டி. பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 80. தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் கடன் கொடுத்துட்டா?

146 நாடுகளின் 2016 வரையிலான கணக்குப்படி, 11–17 வயது மாணவர்களில் 81% பேருக்கு இந்த அளவு கிடைக்கவில்லை. மாணவிகளில் 85%, மாணவர்களில் 78%. எலும்பு பலத்தில் பெரும்பகுதி சேர்வது இந்த வயதில்தான். விட்டதைப் பின்னால் ஈடுகட்டுவது கஷ்டம்.

பந்து ஒன்று, பிள்ளைகள் 40

பீரியட் நடந்தாலும் சிக்கல் இருக்கு. ஒரே கிரிக்கெட் பேட்டை வைத்து 40 பேர் ஆடினால் ஓடுவது நாலு பேர், மற்றவர்கள் நிற்பார்கள். மாணவிகள் பலர் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அசையும் ஆட்டம் வேண்டும். ஓடிப்பிடிச்சு, நொண்டி, ஸ்கிப்பிங், சின்னச் சின்னக் குழுவாகச் சடுகுடு. இதற்கெல்லாம் பெரிய செலவே இல்லை.

ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி 2012-ல் இன்னும் எளிய வழி கண்டது. தினமும் 15 நிமிடம், பிள்ளைகள் அவரவர் வேகத்தில் ஓடலாம், நடக்கலாம். யூனிஃபார்ம் மாற்ற வேண்டாம், போட்டி இல்லை, யாரும் கடைசி இல்லை. 'டெய்லி மைல்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம்ம கணக்கில் சேர்த்தால், ஐந்து நாளுக்கு 75 நிமிடம்; 80 என்பது 155 ஆகிவிடும். மீதியை மாலை விளையாட்டும் பள்ளிக்கு நடந்து போவதும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும்.

நாம் என்ன செய்யலாம்?

2009-ன் கல்வி உரிமைச் சட்டமே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. எனவே நாம் கேட்பது சலுகை இல்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, படித்த பள்ளிக்கு ஒருமுறை போங்க. தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரு வாரம் அந்த 15 நிமிடத்தை நீங்களே நடத்திக் காட்டுங்க. கணக்கு சாரையும் கூப்பிடுங்க, அவரும் ஓடட்டும்!

பி.கு: 18 தாண்டிய நமக்கும் வாரம் 150 நிமிடமாவது வேண்டும். ஹாஸ்டல் மாடிப்படியிலிருந்தே தொடங்கலாம்.